பையனுக்குப் போதையும் இருக்கிறது, மனசும் சரியில்லை: எங்கே தொடங்குவது?

பள்ளிப் பையில் கூல் லிப் என்னும் புகையிலைப் பாக்கெட் சிக்கும். இல்லையென்றால் சட்டையில் கஞ்சா வாடை, பேன்ட் பாக்கெட்டில் பேர் தெரியாத மாத்திரை அட்டை. வீட்டில் அன்று ராத்திரி யாருக்கும் தூக்கம் இருக்காது. கோபம் அடங்கி யோசித்துப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் ஞாபகம் வரும். பையன் கிரிக்கெட்டுக்குப் போவதை நிறுத்தி எவ்வளவோ நாளாயிற்று. விடியும் வரை விழித்திருக்கிறான். "என்னை விட்டுருங்க" என்று ஓரிரு முறை சொல்லியும் இருக்கிறான்.

இப்படிப் போதையும் மனநலப் பிரச்சினையும் சேர்ந்து வருகிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். இந்த வீடுகளுக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. மனநல டாக்டரிடம் போனால் "முதல்ல அந்தப் பழக்கத்தை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் மனசைப் பார்க்கலாம்" என்பார். மறுவாழ்வு மையத்துக்குப் போனால் "இவனுக்கு மனசுல பிரச்சினை இருக்கு, அதைச் சரிபண்ணிட்டு வாங்க" என்பார்கள். நடுவில் பையன் பிளஸ் ஒன் பரீட்சையைக் கோட்டை விட்டிருப்பான். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே குழு, ஒரே ஃபைலில் பார்க்க வேண்டும். உலகம் முழுக்க மருத்துவர்கள் இன்று பரிந்துரைப்பது இதைத்தான். அப்படிப் பார்க்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நிலைப்பதுதான் பெற்றோரின் வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும்? மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைக்குக் கஞ்சா கொஞ்ச நேரம் ஆறுதல் தரும், பிறகு சோர்வை இன்னும் ஆழமாக்கும். ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல், துறுதுறுவென்று இருக்கும் கோளாறு) இருப்பது தெரியாமலே வளர்ந்தவன் எதையும் யோசிக்காமல் சட்டென்று செய்பவன். நண்பன் நீட்டியதை முதலில் வாங்குபவனும் அவன்தான். கஞ்சா சிலருக்கு, குறிப்பாகக் குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்களுக்கு, காதில் குரல் கேட்பது, எல்லாரையும் சந்தேகப்படுவது என்று கொண்டுபோய் விடுகிறது. சின்ன வயதில் தொடங்கினால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். மூளை 25 வயது வரைக்கும் வளர்ந்துகொண்டிருப்பது. ஆக ஒன்றை மட்டும் சரி செய்தால் மிச்சமிருப்பது மற்றதைத் திரும்ப இழுத்து வரும். எது முதலில் வந்தது என்று வீட்டில் பட்டிமன்றம் வேண்டாம். அதற்கான விடையும் டாக்டரிடம் போய்ப் பல வாரம் கழித்துத்தான் தெரியும்.

முதல் படி: இன்றே ஓட வேண்டிய நிலையா?

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. சாகப்போவதாகச் சொல்வது, அதற்கு ஏற்பாடு செய்வது போலத் தெரிவது. யாரோ பேசுவது கேட்கிறது என்று மிரள்வது. வலிப்பு. எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாகி, கண்பாவை ஊசிமுனை மாதிரி சுருங்கியிருப்பது. கடைசியில் சொன்னது ஓபியாய்ட் (அபின் போல வேலை செய்யும்) வகை மாத்திரை அல்லது ஊசி அதிகமானதன் அடையாளம். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். மோர் கொடுப்பது, தண்ணீரை முகத்தில் அடிப்பது, வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம்.

பலர் தெரியாமல் செய்யும் ஆபத்து ஒன்று உண்டு. தினமும் குடிக்கும் பிள்ளையை அறையில் பூட்டிவைத்து "இன்றோடு நிறுத்து" என்பது. தினக்குடியைத் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிரும் போகலாம். தினமும் தூக்க மாத்திரை போடுபவர்களுக்கும் இதே கதைதான். நிறுத்துவது மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். கஞ்சாவை நிறுத்தினால் உயிராபத்து இல்லை. ஆனால் முதல் வாரம் தூக்கமின்மையும் எரிச்சலும் பசியின்மையும் உச்சத்தில் இருக்கும், இரண்டு வாரம் வரைகூட நீளும். அந்த நாட்களில் பையன் கத்துவதைத் "திமிர்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் இன்றே செய்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, எலி பேஸ்ட், பாட்டியின் சர்க்கரை மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாவற்றையும் பூட்டில் வையுங்கள், அல்லது வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். தற்கொலை எண்ணம் பலருக்கு அலை மாதிரி வந்து போவது. அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பிவிடுகின்றன.

இரண்டாவது படி: ஒரு நோட்டு போடுங்கள்

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிட உருப்படியானது எனக்குத் தெரியவில்லை. 40 பக்க நோட்டு போதும். எந்த வயதில் எது தொடங்கியது, என்ன பொருள், எவ்வளவு நாளைக்கு ஒருமுறை, தூக்கம், சாப்பாடு, படிப்பு, அழுகை, கோபம். குடும்பத்தில் யாருக்காவது மனநோய், குடி, தற்கொலை உண்டா? மாமா, சித்தப்பா வரை எழுதுங்கள், மறைக்காமல்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, பொருள் கிடைக்காத நாட்களில் பையன் எப்படி இருந்தான் என்று எழுதுங்கள். மே மாத விடுமுறையில் மூன்று வாரம் அப்பாயி ஊரில் இருந்தான் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கஞ்சா கிடைக்க வழியில்லை. ஒரு அம்மா இப்படி எழுதியிருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது:

"முதல் வாரம்: தூக்கம் இல்லை, அப்பாயிகிட்ட எரிஞ்சு விழுந்தான். ரெண்டாவது வாரம்: தூங்க ஆரம்பிச்சான். மூணாவது வாரம்: கோபம் இல்லை, ஆனா பாயை விட்டு எழுந்திருக்கலை. மீன்குழம்பு வச்சும் சாப்பிடலை. அத்தை பசங்க வந்து கூப்பிட்டும் வாய்க்காலுக்குக் குளிக்கப் போகலை."

முதல் வாரத்து எரிச்சலைக் கஞ்சா நின்றதன் விளைவு என்று சொல்லலாம். மூன்றாவது வாரத்துப் பாய் வேறு கதை. அங்கே மனச்சோர்வு தனியாகவே இருக்க வாய்ப்பு உண்டு. பொருளால் மட்டும் வந்த மனமாற்றம் பொதுவாக நிறுத்திய சில வாரங்களில், ஒரு மாதத்துக்குள், வடிந்துவிடும். தங்கிவிட்டால் அதற்கும் தனியாக வைத்தியம் வேண்டும். அதற்காக நிலைமை மோசமாக இருக்கும்போது "ஒரு மாதம் பார்ப்போம்" என்று எந்த நல்ல டாக்டரும் கைகட்டிக்கொண்டு உட்காரமாட்டார்.

மூன்றாவது படி: பேச்சு

போதையில் இருக்கும்போது பேச வேண்டாம். சொந்தக்காரர்களைக் கூட்டிவைத்துப் பஞ்சாயத்தும் வேண்டாம். அந்த வயதுப் பையன்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு பேசுவார்கள், சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு பேசுவார்கள்.

"ஏன்டா இப்படிப் பண்றே, எங்க மானம் போகுதே" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. அவனுக்குத் தொந்தரவாக இருப்பது எதுவோ அதைக் கேளுங்கள். "தம்பி, ராத்திரி தூக்கமே வரலையாடா?"

"வரலைம்மா."

"அது போட்டாத்தான் வருதா?"

பதில் வராமல் போகலாம். பரவாயில்லை, அவசரப்பட வேண்டாம். "தூக்கத்துக்கு டாக்டர்கிட்ட போவோம், நானும் வர்றேன். போலீஸும் இல்லை, ஸ்கூலும் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். தூக்கத்துக்காக வர ஒத்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. உள்ளே போனபின் மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார். பொய் சொல்லி, "கோயிலுக்குப் போறோம்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மையத்தில் இறக்கிவிடுவது ஒரு தடவை பலிக்கும். அதோடு அவன் உங்களை நம்புவதும் போய்விடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பிரச்சினை பெண்ணுக்கு என்றால் வீடுகள் இன்னும் அதிகமாக மூடி மறைக்கின்றன. மாத்திரை, கையில் பிளேடால் கீறிக்கொள்வது, சாப்பிடாமல் இருப்பது என்று வேறு முகங்களில் வரும். பாலியல் தொல்லை ஏதாவது பின்னால் இருக்கிறதா என்பதைப் பெண் மருத்துவரோ ஆலோசகரோ தனியாகக் கேட்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பையன்களுக்கும் இது நடக்கிறது, அவர்களிடம் கேட்பவர்தான் குறைவு.

நான்காவது படி: எங்கே போவது?

எங்கே என்றே தெரியாவிட்டால் 14416. டெலி மானஸ் என்னும் மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் இது. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். போதைக்கென்று தனி தேசிய உதவி எண் 14446. பிள்ளையை யாராவது மிரட்டுகிறார்கள், பொருள் விற்க வைக்கிறார்கள் என்றால் 1098.

நேரில் போக, மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரும் அங்கே இருப்பார். 2025-இல் தமிழக அரசு "கலங்கரை" என்ற பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு சிகிச்சை, மறுவாழ்வு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று மருத்துவமனை விசாரணை மேசையில் கேளுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது. பெயரைக் கேட்டாலே மிரள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் போதையும் மனநோயும் ஒரே கூரைக்குக் கீழ் பார்க்கப்படுவது அங்கே புதிதல்ல. இந்திரா நகரில் 1980-இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை போதை சிகிச்சைக்கென்றே நடப்பது. சிக்கலான நிலைக்கு மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸ் உண்டு. அங்கே போதை மருத்துவ மையமும் குழந்தைகள், பதின்பருவத்தினருக்கான மனநலத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

தனியார் மையம் என்றால் போனிலேயே நான்கு கேள்வி கேளுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் நேரில் வருகிறார்? மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, எண் என்ன? 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெரியவர்களிடமிருந்து தனியாக வைக்கிறீர்களா? பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு "ஒரு மாசம் பார்க்க முடியாது சார், அதுதான் ட்ரீட்மென்ட்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். அடிப்பதும் கட்டிப்போடுவதும் சிகிச்சை கிடையாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது இன்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தடை. கோயிலுக்கோ தர்காவுக்கோ போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். மனசுக்குத் தெம்பாக இருந்தால் இருக்கட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஐந்தாவது படி: முதல் நாள்

அரசு மருத்துவமனை என்றால் காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு போடுங்கள். நோட்டு, பழைய மருந்துச் சீட்டுகள், வீட்டில் கிடைத்த மாத்திரை அட்டை, எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். டாக்டர் உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவார். கோபப்படாதீர்கள். அவர் கேட்டதையெல்லாம் உங்களிடம் சொல்லவும் மாட்டார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சொல்வார்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் ரத்தசோகையும் பார்ப்பார்கள், இவையும் சோர்வைக் கொண்டுவரும். ஊசி போட்டிருந்தால் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி கட்டாயம். சிறுநீர்ப் பரிசோதனையைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தினமும் கஞ்சா இழுத்தவருக்கு நிறுத்திய பிறகும் சில வாரங்கள் பாசிட்டிவ் காட்டலாம், உடனே "பொய் சொல்லிட்டே" என்று பாய்ந்துவிடாதீர்கள். இரண்டாவது, இப்போது பையன்களிடம் அதிகம் புழங்கும் டாபென்டடால் வலி மாத்திரை சாதாரண பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. போதைக்காக முகரும் ஒயிட்னர், பஞ்சர் சொல்யூஷனும் அப்படித்தான். நெகட்டிவ் வந்ததாலேயே நிம்மதி அடைந்துவிட முடியாது.

அந்த டாபென்டடாலை டாக்டரிடம் மறைத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளோடு அது சேர்ந்தால் உடம்பு கொதிப்பது, நடுக்கம், வலிப்பு வரை போகலாம். என்னென்ன உள்ளே போகிறது என்பது அந்த அறையில் முழுதாகத் தெரிந்தாக வேண்டும்.

போலீஸ் வந்துவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கு: மருத்துவர் உங்கள் பிள்ளையின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்து, தாமாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி வைத்திருக்கிறது. சட்டம் கடுமையாக இருப்பது விற்றவன் மேல்தான். குழந்தைக்குப் போதைப்பொருளோ மதுவோ புகையிலையோ கொடுத்தவருக்கு 2015 சிறார் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆறாவது படி: மருந்தும் பேச்சும் சேர்ந்து

சிகிச்சை என்றால் ஊசி போட்டுப் பொருளை வெளியேற்றுவது என்றே பலர் நினைக்கிறார்கள். உடம்பிலிருந்து இறக்குவது சில நாள், அதிகம் போனால் இரண்டு வாரம். அதோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டால் பழையபடிதான். அதற்கப்புறம் பல மாதங்கள் நீளும் பேச்சுச் சிகிச்சையில்தான் பையன் தேறுவான். எந்த நேரத்தில் ஆசை வருகிறது, அப்போது மனசுக்குள் என்ன ஓடுகிறது, வேறு என்ன செய்யலாம் என்று படிப்படியாகப் பழக்குவார்கள். குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். பதின்பருவத்தினருக்குக் குடும்பத்தோடு செய்யும் சிகிச்சைதான் நன்றாக வேலை செய்வது. "பிரச்சினை அவனுக்கு, நாங்க எதுக்கு?" என்று கேட்காமல் போங்கள்.

மனச்சோர்வு மருந்து வேலை காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் சிலருக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. அதனால் மருந்தே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள். அந்த வாரங்களில் அடிக்கடி டாக்டரைப் பாருங்கள், ராத்திரி பக்கத்து அறையில் படுங்கள். மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், தினம் அன்றன்றைக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஏடிஹெச்டிக்குப் பழக்கம் ஏற்படுத்தாத மருந்தும் உண்டு, கேட்டுப் பாருங்கள். தூக்கத்துக்காக அல்ப்ரஸோலம் போன்றவற்றைக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுப்பது ஒரு பழக்கத்தின் மேல் இன்னொன்றை ஏற்றுவது.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் "குடியை மறக்கடிக்கும் மருந்து" விளம்பரங்கள் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒவ்வாத டைசல்ஃபிரம் என்னும் மருந்து இருந்து, பையன் அது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இதயமே பாதிக்கப்படலாம்.

சேர்க்க வேண்டி வந்தால்

எல்லாருக்கும் வார்டு தேவைப்படாது. வெளிநோயாளியாகவே நிறையப் பேர் தேறுகிறார்கள். தற்கொலை ஆபத்து, மனப்பிறழ்வு (குரல் கேட்பது, எல்லாரையும் சந்தேகப்படுவது போன்ற நிலை), குடியை நிறுத்தும் கட்டம், வீட்டிலேயே பாதுகாப்பு இல்லாத நிலை ஆகியவற்றுக்குச் சேர்ப்பார்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் 2017 சட்டத்தில் தனி விதி: பெற்றோர் விண்ணப்பம் வேண்டும். ஒரு மனநல மருத்துவரோடு இன்னொரு மனநல மருத்துவரோ, மனநல நிபுணரோ, மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக்கூடாது. பெற்றோரோ அவர்கள் நியமித்தவரோ கூடவே தங்க வேண்டும், பெண் பிள்ளை என்றால் கூட இருப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். "நீங்க போங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று பிள்ளையை வாங்கிக்கொள்ளும் இடம் சட்டத்தை மீறுகிறது. போதையால் வரும் மனநிலைப் பாதிப்பும் இந்தச் சட்டத்தில் மனநோய் என்ற வரையறைக்குள் வருவதால் இதெல்லாம் மறுவாழ்வு மையத்துக்கும் பொருந்தும். மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பாலிசி இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அப்பா தினமும் ராத்திரி டாஸ்மாக் பாட்டிலோடு உட்காரும் வீட்டில் பையனை மட்டும் மாற்ற முடியாது. இதைச் சொன்னால் அப்பாக்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். அப்பாவும் அதே ஓபியில் ஒரு சீட்டு போட்டுக்கொள்ளலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக நடக்கும் அல்-அனான் கூட்டங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு, அம்மாக்கள் போகலாம்.

பள்ளியில் யாராவது ஒரு ஆசிரியருக்கு மட்டும், பிள்ளையின் சம்மதத்தோடு, தேவையான அளவு சொன்னால் போதும். கையில் ரொக்கம் குறைவாக, தூங்கும் நேரம் ஒரே மாதிரியாக, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை செய்ய ஏதாவது வேலை. இந்தச் சாயங்கால நேரத்தைத்தான் வீடுகள் கோட்டை விடுகின்றன.

திரும்பவும் தொட்டுவிட்டான் என்றால்? பெரும்பாலும் ஒருமுறையாவது நடக்கும். எத்தனை மாதம் சும்மா இருந்தானோ அதெல்லாம் வீண் என்று அர்த்தமில்லை. எப்போது, யாரோடு, அதற்கு முந்தைய நாட்களில் தூக்கமும் மனசும் எப்படி இருந்தன என்று நோட்டில் எழுதி அடுத்த நாளே டாக்டரிடம் போங்கள். பல சமயம் மனச்சோர்வு மாத்திரையை அவனே இரண்டு வாரம் முன்பு நிறுத்தியிருப்பான். கொஞ்ச நாள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பதையும் அவனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மாத்திரை, ஊசி வகைகளில் உயிர் போவது பல சமயம் இப்படித்தான்.

18 வயது நிரம்பும் நாளில் சட்டப்படி நிலைமை மாறிவிடும். அதற்கப்புறம் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுப்பது அவன்தான், நீங்கள் அல்ல. தன் சார்பில் பேச யாரை நியமிப்பது என்பதையும் அவனே எழுதிக் கொடுக்கலாம். அதற்கு ஆறு மாதம் முன்பே டாக்டரிடம் இதைப் பேசுங்கள். குழந்தைகள் மனநலப் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது நிறையப் பேர் இடையில் நின்றுவிடுகிறார்கள். புதிய டாக்டரின் முதல் சந்திப்பைப் பழைய டாக்டரையே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், ஃபைலையும் நோட்டையும் ஜெராக்ஸ் எடுத்து அவன் கையில் கொடுங்கள்.